ஐ7-க்குக் கேட்கும் பதினோராயிரம்

கேள்வி: பூப்பாறையில் ஏலத்தோட்டமும் காய் உலர்த்தச் சின்னதாக ஒரு ஸ்டோரும் வைத்திருக்கிறோம். கணக்கு டேலியில் போடுகிறோம். 2019-இல் வாங்கிய லேப்டாப் (ஐ3-8130யு, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க்) ஆன் ஆகி டேலி திறக்கப் பத்து நிமிஷம் ஆகிறது. மகள் கோட்டயத்தில் ஹாஸ்டலில் தங்கி பி.டெக். கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறாள். போடியில் ஒரு கடையில் ஐ5-1335யு, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி மாடல் 58,000 ரூபாய் சொல்கிறார்கள். அதையே ஐ7-1355யு ஆக்க 11,000, எஸ்எஸ்டியை 1 டிபி ஆக்க 6,500, ரேமை 16 ஆக்க 6,000 கூடுதல் என்கிறார்கள். பக்கத்திலேயே ரைசன் 5 7520யு, 16 ஜிபி ரேமோடு 51,000-க்கு இருக்கிறது. கையில் 70,000 இருக்கிறது. எதைக் கூட்டுவது, எதை விடுவது? பழைய ஹார்ட் டிஸ்க்கைப் புதியதில் போட முடியுமா? டேலியையும் புதியதிலேயே ஏற்றிவிட்டு, பாப்பா லீவுக்கு வரும்போது கணக்கை முடித்துக்கொள்ளலாமா? கேரளத்தில் வாங்கினால் வரி குறையுமா?

- பூப்பாறையிலிருந்து ஒரு வாசகர்

பதில்: ஐ7-க்கு அந்தப் பதினோராயிரத்தைக் கொடுக்காதீர்கள். ஐ5-1335யு போதும். ரேமுக்குக் கேட்கும் 6,000-ஐக் கொடுங்கள். 1 டிபி இப்போது வேண்டாம். 7520யு மாடல் விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். டேலியைப் பாப்பாவின் லேப்டாப்பில் ஏற்றவே வேண்டாம். உங்கள் பழைய லேப்டாப்புக்கு இன்னும் சில வருஷம் உயிர் இருக்கிறது. மொத்தம் 64,000 ஆகும். மிச்சம் 6,000-ஐப் பழையதற்கு ஒதுக்குங்கள். இனி ஒவ்வொன்றுக்கும் காரணம்.

லேப்டாப் வாங்கும்போது கூட்டச் சொல்கிற சாமான்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பின்பக்க மூடியைக் கழற்றி ஒரு ஸ்க்ரூவில் மாற்றக்கூடியது. எஸ்எஸ்டி அந்த வகை. இன்னொன்று, போர்டிலேயே பற்றவைத்தது, லேப்டாப் ஆயுசுக்கும் அதுதான். பிராசஸர் இந்த வகை. இன்டெல்லின் நாலாம் தலைமுறை வரை, அதாவது 2013 வாக்கில் வந்தவை வரை, சாக்கெட்டில் செருகிய பிராசஸர் சில லேப்டாப்களில் கிடைத்தது. ஐந்தாம் தலைமுறையிலிருந்து லேப்டாப்புக்கென்று வரும் பிராசஸர் எல்லாமே பற்றவைத்ததுதான். ரேம் இரண்டுக்கும் நடுவில். மாடலுக்கு மாடல் மாறும்.

அப்படியானால் மாற்றவே முடியாத பிராசஸருக்குத்தானே இப்போதே கூடுதல் பணம் போட வேண்டும் என்று நீங்கள் கேட்பது நியாயம். கடைக்காரரும் அதையேதான் சொல்லியிருப்பார். ஐ7 என்பது உண்மையிலேயே வேறு பிராசஸராக இருந்தால் அந்தக் கணக்கு சரி. உங்களுக்குச் சொன்ன இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோர் என்பது பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் மூளை, த்ரெட் என்பது ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை, கேஷ் என்பது உள்ளேயே இருக்கும் சின்ன நினைவகம். ஐ5-1335யு: பெரிய கோர் 2, சின்ன கோர் 8, த்ரெட் 12, கேஷ் 12 எம்பி, உச்ச வேகம் 4.6 கிகாஹெர்ட்ஸ். ஐ7-1355யு: பெரிய கோர் 2, சின்ன கோர் 8, த்ரெட் 12, கேஷ் 12 எம்பி, உச்ச வேகம் 5.0 கிகாஹெர்ட்ஸ். மாறியது கடைசி எண் மட்டும். நூற்றுக்கு ஒன்பது பங்குகூட வராத அந்த வித்தியாசமும், ஒரு பெரிய கோர் தனியாக ஓடும்போது சில விநாடிகளுக்குத்தான் கிடைக்கும்.

ஏன் சில விநாடி? பெயரின் கடைசியில் நிற்கும் யு என்ற எழுத்துதான் காரணம். யு என்றால் அடிப்படை மின்சக்தி 15 வாட். இந்த இரண்டு பிராசஸரும் கொஞ்ச நேரத்துக்கு 55 வாட் வரை இழுக்கலாம். அந்தச் சூட்டை மெல்லிய லேப்டாப்பின் ஒற்றை ஃபேன் வெளியே தள்ள முடியாது. சூடு ஏறியதும் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அரை நிமிஷத்துக்கு மேல் ஓடுகிற வேலையில் ஐ5-உம் ஐ7-உம் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கும். ஃபேன் நன்றாக உள்ள பெட்டியில் இருக்கிற ஐ5, காற்றோட்டம் மட்டமான பெட்டியில் இருக்கிற ஐ7-ஐ முந்திப் போவதும் சகஜம்.

ஐ3, ஐ5, ஐ7 என்பதை பஸ் டிக்கெட்டில் சாதா, விரைவு, அதிவிரைவு என்கிற மாதிரி நினைத்துக்கொள்கிறோம். அந்த எண்ணுக்குப் பின்னால் வரும் நாலைந்து இலக்கமும் எழுத்தும்தான் விஷயம். 1335யு என்பதில் 13 தலைமுறை. கடைசி எழுத்து யு என்றால் பேட்டரி நீடிக்கும் ரகம். எச் என்றால் 45 வாட் ரகம். ஐ5-13420எச் என்று ஒன்று கடையில் இருந்தால், அதில் பெரிய கோர் 4, சின்ன கோர் 4. மொத்தக் கோர் எண்ணிக்கை எட்டுதான், 1335யு-வின் பத்தைவிடக் குறைவு. ஆனாலும் எழுதிய புரோகிராமை மெஷின் ஓட்டும் வடிவத்துக்கு மாற்றுகிற (கம்பைல்) மாதிரி தொடர்ந்து ஓடும் வேலையில் அதுதான் பலசாலி. அதற்கு விலையாக பேட்டரி சீக்கிரம் தீரும், அடாப்டர் கனமாக இருக்கும், ஃபேன் சத்தம் போடும். பகலெல்லாம் வகுப்பில் பிளக் பாயின்ட் தேடி அலைய வேண்டிய பிள்ளைக்கு யு ரகம் தோது. அறையிலேயே மேசை மேல் வைத்து வேலை செய்வாள் என்றால், அதே விலைக்கு 13420எச் கிடைத்தால், நான் அதை எடுப்பேன். பாப்பாவிடம் இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் கோர் 5 120யு என்று ஐ இல்லாத புதுப் பெயரில் ஒன்றைக் காட்டி, இது லேட்டஸ்ட் என்று சொல்லலாம். 2024 ஜனவரியில் வந்தது. உள்ளே அதே 2 பெரிய கோர், 8 சின்ன கோர். உச்ச வேகம் 5.0. 1335யு-வின் விலைக்கே கிடைத்தால் எடுங்கள். புதுப் பெயருக்காக ஆயிரக்கணக்கில் கூட்டிக் கொடுக்க ஒன்றுமில்லை.

ரைசனுக்கு வருவோம். ஏஎம்டியின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த ஒரு மாடலின் எண்ணில்தான் சூது இருக்கிறது. 7000 வரிசையில் முதல் இலக்கம் வெளியான ஆண்டைக் காட்டும். உள்ளே இருக்கும் வடிவமைப்பு எந்தக் காலத்தது என்பதைக் காட்டுவது மூன்றாவது இலக்கம். 7520யு-வில் மூன்றாவது இலக்கம் 2. அதாவது ஜென் 2, 2019-இல் வந்த வடிவமைப்பு. கோர் 4, த்ரெட் 8. பெயரில் ஒரே ஒரு இலக்கம் தள்ளி 7530யு என்று ஒன்று உண்டு. அதில் மூன்றாவது இலக்கம் 3, ஜென் 3, கோர் 6, த்ரெட் 12. இரண்டின் டப்பாவிலும் ரைசன் 5 என்றுதான் ஒட்டியிருக்கும். 7520யு-வோடு வரும் ரேம் எப்போதும் போர்டில் பற்றவைத்ததுதான். அந்தப் பிராசஸர் வேறு ரக ரேமை ஏற்காது. 16 ஜிபி என்பது அங்கே நல்ல விஷயம்தான், ஆனால் நாலு வருஷப் படிப்புக்கு நாலு பழைய கோர் போதாது. அதே கடையில் 7530யு இருந்தால் விலை கேளுங்கள். ஐ5-1335யு-வுக்கு அது சரியான போட்டி, 3,000, 4,000 குறைந்தால் தயங்காமல் எடுக்கலாம்.

ரேம் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் உங்கள் பட்டியலில் அசல் பலன் தருகிற ஒரே கூடுதல் அதுதான். விண்டோஸ் 11 எழுந்து நின்றதுமே 8 ஜிபியில் பாதியை எடுத்துக்கொள்ளும். மொபைல் ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவும், திரையிலேயே ஒரு போனைப் போல ஓடும் அதன் எமுலேட்டரும் குரோமில் பத்துப் பக்கமும் சேர்ந்து திறந்தால் மீதி காலி. இடம் இல்லாதபோது விண்டோஸ் ரேமில் இருப்பதை எஸ்எஸ்டியில் எழுதி வைத்து, மறுபடி எடுத்து வந்து, மறுபடி எழுதி, இப்படியே மல்லுக்கட்டும். பிராசஸர் சும்மா நின்றுகொண்டிருக்கும். மகள் என்னவோ லேப்டாப் ஸ்லோ என்பாள்.

ஆனால் 6,000-ஐ எண்ணி வைக்கும் முன், ஒரு கேள்வி: 8 ஜிபி எப்படி இருக்கிறது, 16 எப்படி ஆகும்? டெமோ பீஸை ஆன் செய்யச் சொல்லுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. வலது கீழ் மூலையில் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று இருக்கும். அதற்குக் கீழே ஃபார்ம் ஃபேக்டர் என்ற வரி. அங்கே எஸ்ஓடிஐஎம்எம் என்றிருந்தால் கழற்றி மாட்டும் ஸ்டிக். ரோ ஆஃப் சிப்ஸ் என்றிருந்தால் பற்றவைத்தது. பற்றவைத்த 8 ஜிபியோடு ஒரு காலி ஸ்லாட்டும் இருந்தால் பரவாயில்லை, 8 சேர்த்து 16 ஆக்கலாம். காலி ஸ்லாட்டே இல்லை, எல்லாம் பற்றவைத்தது என்றால் 16 ஜிபியாகவே வந்த மாடலைத்தான் வாங்க வேண்டும். பிறகு யாராலும் கூட்ட முடியாது.

கடைக்காரர் கூட்டித் தருகிறார் என்றால் ஒரே 16 ஜிபி ஸ்டிக்கா, இரண்டு எட்டா என்றும் கேளுங்கள். இரண்டு எட்டு வேண்டும். இந்த லேப்டாப்பில் தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். பிராசஸருக்கும் ரேமுக்கும் நடுவே இரண்டு வழி உண்டு, இரண்டிலும் ஸ்டிக் இருந்தால்தான் அதற்கு மூச்சு. சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது: டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர் என்பதைத் திறங்கள். இந்த ஐ5-இல் இரண்டு ஸ்டிக் இருந்தால் ஐரிஸ் எக்ஸ்இ என்று காட்டும். ஒற்றை ஸ்டிக் என்றால் அதே பிராசஸர் வெறும் யுஎச்டி கிராஃபிக்ஸ் என்று தன்னைக் குறைத்துச் சொல்லிக்கொள்ளும். டிடிஆர்4-உம் டிடிஆர்5-உம் ஒன்றுக்கொன்று பொருந்தாது, நடுவில் இருக்கும் வெட்டே வேறு இடத்தில் இருக்கும். 1335யு இரண்டையும் ஏற்கும் பிராசஸர் என்பதால் மாடலைப் பார்த்துத்தான் ஸ்டிக் வாங்க வேண்டும். 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. அதனால் அன்றைய வெளி விலையை ஒரு தடவை விசாரித்துவிட்டுக் கடைக்காரரிடம் பேசுங்கள்.

இப்போது எஸ்எஸ்டி. 512 ஜிபி என்று விற்பது விண்டோஸில் 476 என்று காட்டும். ஏமாற்றவில்லை, கம்பெனி ஆயிரத்தால் பெருக்கி எண்ணுகிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுத்து எண்ணுகிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்புக்கு இரண்டு மூன்று வருஷம் அது தாராளம். நிறையும்போது கூட்டிக்கொள்ளலாம், ஏனென்றால் இது ஸ்க்ரூ டிரைவர் வேலை. கேட்க வேண்டியது: எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட் இரண்டாவதாக ஒன்று இருக்கிறதா? இருந்தால் பழையதைக் கழற்றாமலே இன்னொன்றைச் செருகலாம். கடைப் பையனுக்குத் தெரியாவிட்டால், அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல் கம்பெனி இணையதளத்தில் இருக்கும். அதில் ஸ்லாட்டின் நீளமும் போட்டிருக்கும்: 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம். 2242, 2230 என்பவை குட்டை ரகம். இரண்டாவது ஸ்லாட் 2242-ஆக இருந்து நீங்கள் 2280 வாங்கி வந்தால் உட்காராது.

பிறகு வாங்கும்போது இன்னொரு குழி இருக்கிறது. எம்.2 என்பது வெறும் வடிவம். அந்த வடிவத்தில் சாட்டா என்ற பழைய இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டியும் உண்டு, என்விஎம்இ என்ற வேகமான இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டியும் உண்டு. சாட்டாவுக்கு விநாடிக்கு 550 எம்பியோடு கதை முடிந்தது. என்விஎம்இ மூன்றாம் தலைமுறை 3,500 வரை போகும், நாலாம் தலைமுறை 7,000 வரை. இரண்டு வெட்டு உள்ள சாட்டா எஸ்எஸ்டி என்விஎம்இ ஸ்லாட்டில் அழகாக உட்காரும், ஸ்க்ரூவும் ஏறும், ஆனால் ஸ்லாட்டில் சாட்டா இணைப்பு இல்லாவிட்டால் பயோஸில் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரையில்) பெயரே வராது. எஸ்எஸ்டி செத்துப் போச்சு என்று திருப்பிக் கொண்டு வருகிறவை எத்தனையோ இந்த வகைதான். மூன்றாம் தலைமுறை, நாலாம் தலைமுறை வித்தியாசம் பாப்பாவின் வேலையில் கைக்குத் தெரியாது, அதற்காகக் கூடுதல் கொடுக்க வேண்டாம்.

டிஎல்சி, கியூஎல்சி என்று இரண்டு சொல் காதில் விழும், எஸ்எஸ்டிக்குள் இருக்கும் சிப்பின் இரண்டு ரகம். கியூஎல்சி மலிவு. 1 டிபியில் டிஎல்சி ரகத்துக்கு 600 டிபி எழுதும் வரை என்றும், கியூஎல்சி ரகத்துக்கு 200 டிபி சொச்சம் என்றும் கம்பெனிகள் உத்தரவாதம் தருவதைப் பார்க்கலாம். இதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். நாளுக்கு 20 ஜிபி எழுதினால் வருஷத்துக்கு 7.3 டிபி. 200-ஐ எட்டவே 27 வருஷம் ஆகும். கியூஎல்சியின் அசல் குறை வேறு: பெரிய ஃபைலைத் தொடர்ந்து எழுதும்போது அதன் வேகமான தற்காலிக இடம் நிரம்பிவிட்டால், அதன்பின் ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கே இறங்கிவிடும். படிக்கிற பிள்ளைக்கு அது அடிக்கடி நேராது. ஒரே விலை என்றால் டிஎல்சி.

மாற்றுகிற அன்று செய்ய வேண்டிய வரிசையைப் பாப்பாவுக்கு எழுதி வைக்கிறேன், அவளே செய்துகொள்வாள். முதலில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியை, 48 இலக்கம், ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். 2024-க்குப் பிந்தைய விண்டோஸ் 11, கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க்கைத் தானாகப் பூட்டிக்கொள்கிறது. சாவி இல்லாமல் போர்டில் கைவைத்துவிட்டு உள்ளே இருப்பதை எடுக்க முடியாமல் திண்டாடுகிறவர்கள் உண்டு. ஒரே ஸ்லாட் என்றால் புது எஸ்எஸ்டியை யுஎஸ்பி கேஸில் போட்டு, பிட்லாக்கரை நிறுத்திவிட்டு, உள்ளதை அப்படியே நகலெடுக்கலாம் (குளோன்). மூடியில் ரப்பர் காலுக்கு அடியிலும் ஸ்க்ரூ இருக்கும், அதை மறந்து நெம்பினால் கிளிப் உடையும். திறந்ததும் பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டுத்தான் மற்றது. எஸ்எஸ்டியை 30 டிகிரி சாய்வில் செருகி, மெல்ல அமுக்கி, ஸ்க்ரூ போட வேண்டும். முழு அழுத்தம் கொடுக்கக் கூடாது, தானாக இறங்க வேண்டும்.

குளோன் செய்யாமல் விண்டோஸைப் புதிதாக ஏற்றினால், நடுவில் டிஸ்க்கே இல்லை என்று நிற்கும். பயப்பட வேண்டாம். பதினோராம் தலைமுறைக்குப் பிந்தைய இன்டெல் லேப்டாப்களில் விஎம்டி என்ற அமைப்பு எஸ்எஸ்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரைப் பென் டிரைவில் வைத்து அங்கே ஏற்றினால் டிஸ்க் தெரியும். பயோஸில் விஎம்டியை அணைத்துவிட்டும் ஏற்றலாம். ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸில் அதை அணைத்தால் நீலத் திரைதான். விண்டோஸ் லைசென்ஸ் போர்டோடு இருப்பதால் எஸ்எஸ்டி மாறினாலும் போகாது. கழற்றிய பழைய எஸ்எஸ்டியை வாரண்டி முடியும் வரை பத்திரமாக வைத்திருங்கள்; சர்வீஸுக்கு அனுப்பும்போது அதைத் திரும்பப் போட்டு அனுப்புவது நல்லது. மூடியைத் திறந்தால் வாரண்டி போகுமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வாங்கும்போதே கேட்டு பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய ஹார்ட் டிஸ்க்கைப் புதியதில் போட முடியாது. இன்றைய மெல்லிய லேப்டாப்களில் அந்த இரண்டரை அங்குல இடமே இருப்பதில்லை, பேட்டரி அதை எடுத்துக்கொண்டது. முடிந்தாலும் போடச் சொல்ல மாட்டேன். உங்கள் பத்து நிமிஷத்துக்குக் காரணமே அதுதான். 5400 ஆர்பிஎம் டிஸ்க் விநாடிக்கு 90 சுற்றுச் சுற்றுகிறது. வேண்டிய இடம் ஹெட்டுக்குக் கீழே வருவதற்கு சராசரியாக அரைச் சுற்று, 5.6 மில்லிவிநாடி. ஹெட் நகர்வதற்கு அதற்கு மேல் ஒரு பத்து. ஆக விநாடிக்கு அறுபது, எழுபது துண்டுக்கு மேல் பொறுக்க முடியாது. விண்டோஸ் எழுந்திருக்கப் பல்லாயிரம் சின்னத் துண்டுகள் வேண்டும். அதோடு 4 ஜிபி ரேம் நிரம்பி வழிந்து அதே டிஸ்க்கில் கொட்டுகிறது. சாதாரண எஸ்எஸ்டி விநாடிக்குப் பல்லாயிரம் துண்டு எடுத்துத் தரும்.

இன்னொன்று, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவு. மூடியை மட்டும் சாத்தி, ஸ்லீப்பில் விட்டு, ஜீப்பில் வைத்துக்கொண்டு இறங்கும்போது டிஸ்க் சில சமயம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஹெட்டுக்கும் தட்டுக்கும் நடுவே இருப்பது சில நானோமீட்டர், தலைமுடிப் பருமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மாதிரி. ஒரு குழியில் தூக்கிப் போட்டால் போதும். எஸ்எஸ்டியில் சுற்றுகிறது எதுவும் இல்லை.

அதனால் உங்கள் பழைய லேப்டாப்பிலிருந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, அதே இடத்தில் இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போடுங்கள். டேலிக்கு 256 ஜிபி ஏராளம். காலி ஸ்லாட் இருந்தால் டிடிஆர்4 ரேம் 4 ஜிபி ஒன்றும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, ஜிஎஸ்டியும் பேங்கும் பார்க்கிற மெஷினில் அதை வைத்திருக்கக் கூடாது. உங்கள் 8130யு எட்டாம் தலைமுறை, விண்டோஸ் 11 முறைப்படியே ஏறும். அதே சமயத்தில் விற்ற ஐ3-7020யு-வாக இருந்திருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கும். டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி இல்லை என்று விண்டோஸ் தடுத்தால், பயோஸில் இன்டெல் பிடிடி என்பது அணைந்திருக்கும், அதை ஆன் செய்தால் போதும். டேலி லேசான சாஃப்ட்வேர். அதற்கு ஐ7-உம் வேண்டாம், ஐ5-உம் வேண்டாம்.

கழற்றுவதற்கு முன் இரண்டு காரியம். டேலியிலிருந்தே பேக்கப் எடுத்துப் பென் டிரைவில் வையுங்கள். அதோடு டேட்டா ஃபோல்டருக்குள் எண்ணாலேயே பெயர் வைத்த உள்ஃபோல்டர்கள் இருக்கும், அவற்றையும் அப்படியே காப்பி செய்துகொள்ளுங்கள். இரண்டாவது, டேலி லைசென்ஸை அந்த மெஷினிலிருந்து விடுவியுங்கள் (சரண்டர்). இதை மறந்து டிஸ்க்கை மாற்றிவிட்டால், புது எஸ்எஸ்டியில் டேலி, லைசென்ஸ் இல்லாதவர்களுக்கான கல்வி முறையில்தான் திறக்கும். மாத முதல் வாரத்தில் இந்தக் கூத்து வேண்டாம். இதனாலேயே பாப்பாவின் லேப்டாப்பில் ஏற்றுவதும் வேண்டாம் என்கிறேன்: உங்கள் லைசென்ஸ் கோட்டயத்தில் உட்கார்ந்திருக்கும்.

கழற்றிய 1 டிபி ஹார்ட் டிஸ்க்கை யுஎஸ்பி 3.0 கேஸில் போட்டு இரண்டாவது காப்பிக்கு வைத்துக்கொள்ளலாம். முதலில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரில் பாருங்கள். கெட்டுப்போன இடங்களை எண்ணும் 05, சி5 என்ற வரிகளில் பூஜ்யம் தவிர வேறு எதுவும் இருந்தால், மஞ்சள் காட்டும், அதை நம்ப வேண்டாம். எஸ்எஸ்டியிலேயே எல்லாக் கணக்கையும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்காதீர்கள். ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பல சமயம் கரகரவென்று சத்தம் போடும். எஸ்எஸ்டி நேற்று வரை ஓடும், இன்றைக்குப் பெயரே வராமல் போகலாம். கரன்ட் காட்டாமல் பெட்டியில் வருஷக்கணக்கில் வைத்தாலும் அதில் இருப்பது மெல்ல அழியும்.

ஸ்டோர் பக்கம் ஒரு எச்சரிக்கை. ஐந்து கிலோ பச்சைக் காய்க்கு ஒரு கிலோ உலர்ந்த காய் என்று வைத்தால், 100 கிலோ போட்ட ராத்திரி 80 லிட்டர் தண்ணீர் ஆவியாகி வெளியே வருகிறது. குளிரில் கிடந்த லேப்டாப்பை அந்தச் சூட்டுக்குள் கொண்டுபோனால், கண்ணாடி பனிக்கிற மாதிரி உள்ளே போர்டிலும் ஈரம் படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வைத்துவிட்டு அப்புறம் திறந்து ஆன் செய்யுங்கள். கணக்கு மேசை ஸ்டோருக்குள் இல்லாமல் வெளியே இருப்பதே மேல். ஃபேனுக்குள் தூசியும் ஏறாது.

வரி இரண்டு மாநிலத்திலும் ஒன்றுதான், லேப்டாப்புக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. எல்லை தாண்டுவதால் ஒரு ரூபாயும் குறையாது. ஆனால் பில் எப்படிப் போடுகிறார்கள் என்பதில் உங்களுக்கு நஷ்டம் வரலாம். உங்கள் ஜிஎஸ்டி எண் 32-இல் தொடங்கும், கேரளம். போடிக் கடைக்காரருடையது 33, தமிழ்நாடு. அவர் 9 சதவீதம் சிஜிஎஸ்டி, 9 சதவீதம் தமிழ்நாட்டு எஸ்ஜிஎஸ்டி என்று பிரித்துப் போட்டால், அதைக் கேரளப் பதிவில் உள்ளீட்டு வரவாக (நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதாக) எடுக்க முடியாது. பழைய லேப்டாப்புக்கு வாங்கும் எஸ்எஸ்டி, ரேம் வியாபாரச் செலவு. அதற்குத் தனி பில், உங்கள் 32 எண்ணோடு, மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான ஐஜிஎஸ்டி 18 சதவீதம் என்று கேளுங்கள். பில் அடிக்கும் முன் சொல்ல வேண்டும், அடித்த பிறகு திருத்துவது அலைச்சல். பாப்பாவின் லேப்டாப் வீட்டுச் செலவு, அதை இதில் கலக்காதீர்கள்.

வாரண்டி இந்தியா முழுக்க உள்ளதா, வீட்டுக்கே வந்து பார்க்கும் ரகமா, அது எந்தப் பின்கோடு வரை வரும் என்று அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் கோட்டயத்துப் பின்கோடைப் போட்டுப் பாருங்கள். லேப்டாப் அங்கேதான் இருக்கப்போகிறது, பூப்பாறைப் பின்கோடை வைத்துப் பார்த்துப் பிரயோசனம் இல்லை. சீல் உடைத்ததும் பெட்டியின் மேல் இருக்கும் சீரியல் எண்ணும், லேப்டாப்பின் அடியில் இருப்பதும், பில்லில் இருப்பதும் மூன்றும் ஒன்றா என்று கடையிலேயே ஒத்துப் பார்த்துவிட்டு மலையேறுங்கள்.